19–18: பழைய கூடைப்பந்து பாக்ஸ் ஸ்கோரை வாசிப்பது எப்படி?

கிரிக்கெட் ஸ்கோர்கார்டை வாசிக்க நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டோம். கூடைப்பந்துக்கும் அதேபோல ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதன் பெயர் பாக்ஸ் ஸ்கோர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இன்றைய ஆட்டம் ஒன்றின் பாக்ஸ் ஸ்கோரில் இருபது பத்திகளாவது இருக்கும். ரீபவுண்ட், ஸ்டீல், பிளாக், டர்னோவர் என்று கண்ணைக் கட்டும். புதிதாக வருபவர் அங்கிருந்து தொடங்கினால் இரண்டே நாளில் சலித்துப்போகும். என்னைக் கேட்டால் 1940களிலும் 1950களிலும் நடந்த ஆட்டங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நான்கைந்து பத்திகள்தான் இருக்கும், பேனாவும் தாளும் இருந்தால் முழுக் கணக்கையும் நீங்களே சரிபார்த்துவிடலாம்.

இந்தக் கட்டுரைக்கு ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 1950 நவம்பர் 22, மினியாப்பொலிஸ் ஆடிட்டோரியம். மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணியும் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணியும் மோதின. பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அச்சுப்பிழை இல்லை. 48 நிமிடம் ஆடி எடுத்த புள்ளிகள்தான் இவை. என்.பி.ஏ. வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஸ்கோர் கிடையாது. எண்கள் இவ்வளவு சின்னதாக இருப்பதால் பழகுவதற்கு இதைப் போல வசதியான ஆட்டமும் கிடையாது.

முதல் வேலை: தலைப்பு வரி

எண்களுக்குள் பாய்வதற்கு முன் நாலு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, ஊர், இறுதி ஸ்கோர், எத்தனை நிமிட ஆட்டம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அன்றைய கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். தொழில்முறை லீக் 48 நிமிடம் என்று வைத்துக்கொண்டது. நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 12 நிமிடம். சமநிலையில் முடிந்தால் ஐந்து ஐந்து நிமிடமாக ஓவர்டைம். இதைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே சீசனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1951 ஜனவரி 6 அன்று இண்டியானாப்பொலிஸ் ஒலிம்பியன்ஸ் அணி ராச்செஸ்டர் ராயல்ஸ் அணியை 75–73 என்று வென்றது. அந்தக் காலத்துக்கு ரொம்பச் சாதாரணமான ஸ்கோர். ஆனால் அது ஆறு ஓவர்டைம் போன ஆட்டம், மொத்தம் 78 நிமிடம். ஓவர்டைம் குறிப்பைப் பார்க்காமல் ஒரு வீரரின் புள்ளியை மட்டும் எடுத்து மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

பத்திகளைப் புரிந்துகொள்வது

பழைய செய்தித்தாள்களில் வீரர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எஃப் என்றால் ஃபார்வர்டு, சி என்றால் சென்டர், ஜி என்றால் கார்டு. அவர் ஆடிய இடத்தைச் சொல்லும் எழுத்து அது. அதே ஜி, எஃப் எழுத்துகள் பத்தியின் தலையிலும் வரும். அங்கே ஜி என்றால் கூடை, எஃப் என்றால் ஃப்ரீ த்ரோ. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். பெயருக்கு ஒட்டி வந்தால் இடம், எண்களுக்கு மேலே வந்தால் கணக்கு. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

எண்களின் பத்திகள் பெரும்பாலும் நான்கு. முதலாவது ஃபீல்டு கோல், அதாவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது போட்ட கூடைகள். ஒன்றுக்கு 2 புள்ளி. இரண்டாவது ஃப்ரீ த்ரோ, எதிரணி ஃபவுல் செய்ததற்காகக் கோட்டில் நின்று போட்டவை. ஒன்றுக்கு 1 புள்ளி. மூன்றாவது பெர்சனல் ஃபவுல், அந்த வீரர் எத்தனை ஃபவுல் செய்தார் என்பது. நான்காவது மொத்தப் புள்ளி.

சில தாள்களில் ஃப்ரீ த்ரோவை 7-11 என்பது போல எழுதியிருப்பார்கள். 11 எறிந்து 7 விழுந்தது என்று பொருள். சிலவற்றில் விழுந்தது மட்டும் பத்தியில் இருக்கும், தவறவிட்டவை கட்டத்துக்குக் கீழே ஒரு வரியில் பெயர் பெயராக வரும். அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் 19–18 ஆட்டத்தின் ரகசியமே அந்த மாதிரி ஒரு வரியில்தான் இருக்கிறது.

மூன்று புள்ளிக் கூடை அப்போது என்.பி.ஏ.யில் கிடையாது. 1979–80 சீசனில்தான் வந்தது. ஆகவே எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். நமக்கு இது பெரிய உபகாரம், ஏனென்றால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்:

கூடைகள் × 2 + ஃப்ரீ த்ரோ = மொத்தப் புள்ளி

இனி லேக்கர்ஸ் கணக்கு

லேக்கர்ஸ் அணியின் முதன்மை ஐவருக்கான கட்டம் இது. அடைப்புக்குள் இருப்பது எத்தனை முயன்றார்கள் என்பது.

ஜார்ஜ் மைக்கன்: கூடை 4 (11), ஃப்ரீ த்ரோ 7 (11), புள்ளி 15
பாப் ஹாரிசன்: கூடை 0 (2), ஃப்ரீ த்ரோ 2 (2), புள்ளி 2
ஜிம் போலார்ட்: கூடை 0 (1), ஃப்ரீ த்ரோ 1 (1), புள்ளி 1
ஸ்லேட்டர் மார்ட்டின்: கூடை 0 (2), ஃப்ரீ த்ரோ 0 (3), புள்ளி 0
வெர்ன் மிக்கெல்சன்: கூடை 0 (2), ஃப்ரீ த்ரோ 0 (0), புள்ளி 0
அணி மொத்தம்: கூடை 4 (18), ஃப்ரீ த்ரோ 10 (17), புள்ளி 18

முதலில் குறுக்கே கூட்டுங்கள். மைக்கன்: 4 × 2 = 8, அதோடு 7, ஆக 15. சரி. ஹாரிசன் 2, போலார்ட் 1, அவையும் சரி. அப்புறம் மேலிருந்து கீழே. கூடை 4. ஃப்ரீ த்ரோ 7 + 2 + 1 = 10. புள்ளி 15 + 2 + 1 = 18. கடைசியாக மொத்த வரியை மட்டும் தனியாக: 4 × 2 + 10 = 18. மூன்று வழியிலும் ஒரே விடை வந்தால்தான் கட்டத்தை நம்பலாம்.

இவ்வளவு கறாராக ஏன் என்று கேட்கலாம். அந்தக் காலத்து எண்கள் கோர்ட் ஓரத்தில் ஒருவர் பென்சிலால் எழுதி, அங்கிருந்து தொலைபேசியிலோ தந்தியிலோ போய், அச்சுக்கோர்ப்பவர் கைக்கு வந்து தாளில் ஏறியவை. 1, 7 ஆகலாம், வரி ஒன்று கீழே இறங்கிவிடலாம். எனக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. ஒரு கோடை விடுமுறைப் போட்டியில் ஸ்கோர் மேசையில் உட்கார ஆளில்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். ஸ்கோர் தாளில் 1, 2, 3 என்று எண்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும். கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு புள்ளி வைத்துக் கறுப்பாக்க வேண்டும், பக்கத்தில் வீரரின் எண். மூன்றாவது குவார்ட்டரில் 8ஆம் எண் பையன் போட்ட ஃப்ரீ த்ரோவை 6ஆம் எண்ணுக்கு எழுதிவிட்டேன். அணி மொத்தம் சரியாகவே இருந்தது. ஆட்டம் முடிந்து அந்தப் பையன் வந்து, “அண்ணா, எனக்கு ஒண்ணு குறையுது” என்று நின்றபோதுதான் தெரிந்தது. மொத்தம் சரி என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் சரி என்று ஆகாது. வீரர் வாரியாக வரும் எண்ணில் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தை மிச்சம் வையுங்கள்.

இனி எதிரணி. பிஸ்டன்ஸ்: கூடை 4 (13), ஃப்ரீ த்ரோ 11 (15). 4 × 2 + 11 = 19.

இரண்டு மொத்த வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

பிஸ்டன்ஸ்: 4 (13), 11 (15), 19
லேக்கர்ஸ்: 4 (18), 10 (17), 18

இரு அணிக்கும் கூடை சமம், நாலுக்கு நாலு. வித்தியாசம் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ. லேக்கர்ஸுக்கு இரண்டு வாய்ப்பு அதிகமாகக் கிடைத்தும் ஏழைத் தவறவிட்டார்கள். மைக்கன் நான்கு, மார்ட்டின் மூன்றுக்கு மூன்று. அதில் ஒன்று விழுந்திருந்தால் ஓவர்டைம். இரண்டு விழுந்திருந்தால் இந்த ஆட்டம் 20–19 என்று லேக்கர்ஸ் பெயரில் புத்தகத்தில் ஏறியிருக்கும். பழைய ஆட்டங்களை வாசிக்கும்போது ரசிகர்கள் நேராகக் கூடைப் பத்திக்குத்தான் போகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ பத்தியைத்தான். இங்கே இரு அணியும் சேர்ந்து எடுத்த 37 புள்ளியில் 21 அந்தக் கோட்டிலிருந்து வந்தவை, பாதிக்கும் மேல்.

குவார்ட்டர் வரி

கட்டத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு குட்டி வரி இருக்கும். ஒவ்வொரு குவார்ட்டரிலும் எடுத்த புள்ளிகள்:

பிஸ்டன்ஸ்: 8, 3, 5, 3
லேக்கர்ஸ்: 7, 6, 4, 1

இதைத் திரட்டுத் தொகையாக மாற்றி எழுதுங்கள். முதல் குவார்ட்டர் முடிவில் 8–7 என்று பிஸ்டன்ஸ் முன்னிலை. பாதி ஆட்டத்தில் 13–11 என்று லேக்கர்ஸ். மூன்றாவது முடிவில் 17–16, அப்போதும் லேக்கர்ஸ்தான். கடைசி 12 நிமிடத்தில் அந்த அணி எடுத்தது ஒரே ஒரு புள்ளி. கடைசி விநாடிகளில் பிஸ்டன்ஸின் லாரி ஃபவுஸ்ட் போட்ட கூடைதான் அவர்கள் கணக்கை 19ஐ எட்ட வைத்தது.

பாக்ஸ் ஸ்கோரில் ஃபவுஸ்ட்டின் அந்தக் கூடை மற்ற கூடைகளைப் போலவே ஓர் எண்தான். ஆட்டத்தை முடித்தது அதுதான் என்று கட்டம் சொல்லாது. எது எந்த வரிசையில் நடந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. குவார்ட்டர் வரி மட்டும்தான் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசும். மீதிக்கு ஆட்டச் செய்தியை வாசிக்க வேண்டும்.

வரிசை தெரியாது என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் 1946 நவம்பர் 1, டொராண்டோ. பாஸ்கெட்பால் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற புது லீக்கின் முதல் ஆட்டம், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில். அந்த லீக்தான் 1949இல் இன்னொரு லீக்கோடு இணைந்து என்.பி.ஏ. ஆனது. என்.பி.ஏ.யும் தன் வரலாற்றை 1946இலிருந்தே எண்ணுகிறது. நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் (சுருக்கமாக நிக்ஸ்) 68, டொராண்டோ ஹஸ்கீஸ் 66. அங்கே ஐஸ் ஹாக்கிதான் உயிர் என்பதால் கூட்டம் சேர்க்க ஒரு விளம்பரம் செய்தார்கள்: ஹஸ்கீஸ் அணியின் ஜார்ஜ் நாஸ்ட்ராண்டை விட உயரமானவர்களுக்கு டிக்கெட் இலவசம். நாஸ்ட்ராண்டின் உயரம் 6 அடி 8 அங்குலம். அரங்குக்கு நஷ்டம் வர வாய்ப்பே இல்லாத சலுகை. வந்தவர்கள் 7,090 பேர்.

அந்த ஆட்டத்தின் கட்டத்தைப் பார்த்தால் கண்ணில் படுவது ஹஸ்கீஸின் எட் சடோவ்ஸ்கி எடுத்த 18 புள்ளி, அப்புறம் நிக்ஸ் அணியில் அதிகபட்சமாக லியோ காட்லீப் எடுத்த 14. ஆனால் இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பெயர் ஆஸி ஷெக்ட்மன். லீக்கின் முதல் கூடையைப் போட்டவர் அவர். கட்டத்தில் அதற்கு அடையாளமே இல்லை.

அதே நிக்ஸ் அணியில் ஸ்டான் ஸ்டட்ஸ் என்றொருவர் இருந்தார். கல்லூரியில் ஆடியபோது அவர் பெயர் மோட்சலெவ்ஸ்கி. பின்னால் சுருக்கிக்கொண்டார். இது மாதிரிப் பெயர் மாறியவர்கள், பட்டப்பெயரால் மட்டும் அறியப்பட்டவர்கள், வாய்க்கு வந்தபடி எழுத்துக்கூட்டல் மாறியவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஒரு வீரரின் எண்களைப் பல ஆட்டங்களிலிருந்து தொகுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடுவீர்கள்.

காலி வேறு, பூஜ்ஜியம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துப் போவீர்கள் என்றால் இதை எடுத்துப் போங்கள். மிக்கெல்சனுக்கு ஃப்ரீ த்ரோ 0 (0) என்று இருக்கிறது. அது எண்ணிப் பார்த்து எழுதிய பூஜ்ஜியம். அவர் கோட்டுக்கே போகவில்லை. ஆனால் மைக்கன் அன்று எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்ற இடம் காலி. அது பூஜ்ஜியம் அல்ல, யாரும் எண்ணவில்லை என்று பொருள்.

எது எப்போது எண்ணப்பட்டது என்பதற்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. கூடை, முயற்சி, ஃப்ரீ த்ரோ, அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பாஸ்), ஃபவுல் இவை 1946–47 முதலே உண்டு. ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றுவது) லீக்கின் கணக்கில் சேர்ந்தது 1950–51இல், அதாவது நம் 19–18 ஆட்டம் நடந்த சீசனில். ஆனால் செய்தித்தாள் கட்டங்களில் அதைத் தேடாதீர்கள், நான்கு பத்திக்கே அவர்களுக்கு இடம் போதவில்லை. ஆடிய நிமிடம் 1951–52 முதல். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) இரண்டும் 1973–74 முதல். வீரர் வாரியாக டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1977–78 முதல். மூன்று புள்ளி 1979–80.

இதை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் ஒட்டி வைத்துக்கொண்டால் நல்லது. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் சென்டர் பில் ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றார். தடுப்பாட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று கூட ஆடியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவர் கணக்கில் பிளாக் பத்தி முழுக்கக் காலி. இணையத்தில் யாராவது காலிக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு ரஸ்ஸலையும் இன்றைய வீரரையும் ஒப்பிட்டு வரைபடம் போட்டால், மரியாதையாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

எண்ணை அதன் காலத்தில் வைத்துப் பார்ப்பது

மைக்கன் 11 முயன்று 4 கூடை. சதவீதத்தில் 36. இன்றைக்கு ஒரு சென்டர் இப்படி ஆடினால் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைப்பார். அன்றைக்கு?

1946–47 சீசனில் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணியின் ஜோ ஃபுல்க்ஸ். ஆட்டத்துக்குச் சராசரி 23.2. அவர் அந்த சீசனில் 1,557 முறை கூடையை நோக்கி எறிந்தார். விழுந்தது 475. சதவீதம் 30.5. நம் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 475 × 2 = 950, அதோடு 439 ஃப்ரீ த்ரோ, ஆக 1,389 புள்ளி. மூன்றில் இரண்டுக்கு மேல் தவறவிட்டவர் எப்படி லீக்கின் முதல் வீரர் ஆனார்? லீக் முழுவதின் சராசரியே 28 சதவீதத்தைத் தொடவில்லை. சதவீதத்தில் முதலிடம் பிடித்த வாஷிங்டன் கேபிடல்ஸின் பாப் ஃபீரிக் 40.1தான்.

காரணங்கள் பல. இரு கையாலும் மார்பிலிருந்து தள்ளி எறியும் செட் ஷாட்தான் அன்று பெரும்பாலோருக்குத் தெரிந்தது, எகிறி எறியும் ஜம்ப் ஷாட் அப்போதுதான் தலைகாட்டியது. அரங்குகள் பல ஐஸ் ஹாக்கிக்குக் கட்டியவை, பனித்தளத்தின் மேல் பலகை போட்டு ஆடினார்கள். குளிரும் ஈரமும் பந்தில் ஏறும். ஆகவே ஒரு பழைய எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி: அதே சீசனில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 36 சதவீதம் அந்தக் கண்ணால் பார்த்தால் மோசமே இல்லை.

அசிஸ்ட்டும் அப்படித்தான். 1946–47இல் அதிலே முதலிடம் எர்னி கால்வர்லி, 59 ஆட்டத்தில் 202. ஓர் ஆட்டத்துக்கு மூன்றரைகூட இல்லை. கூடைகளே குறைவு, அதிலும் அசிஸ்ட் கொடுப்பதில் அன்றைய ஸ்கோரர்கள் கஞ்சர்கள்.

இன்று புழங்கும் சில நவீனச் சூத்திரங்களைப் பழைய கட்டத்தில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44ஆல் பெருக்கும் சூத்திரம் அதில் ஒன்று. அந்த 0.44 பிற்காலத்து ஆட்டங்களை எண்ணிக் கண்டுபிடித்தது. ஃப்ரீ த்ரோ விதிகள் வேறாக இருந்த காலத்துக்கு அதைப் பொருத்துவது எனக்கு உவப்பில்லை. வெறும் கூட்டல் பெருக்கலே போதும்.

எண் விசித்திரமாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள்

இரு அணியும் சேர்ந்து 48 நிமிடத்தில் 31 ஷாட். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அந்த சீசனில் அணிகளின் சராசரி ஆட்டத்துக்கு 80 புள்ளிக்கு மேல். மைக்கன் மட்டுமே சராசரி 28.4 எடுத்தவர். இங்கே அணிக்கே 18. கட்டம் சத்தம் போட்டுச் சொல்கிறது: ஏதோ நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். மைக்கன் 6 அடி 10 அங்குலம், கண்ணாடி போட்ட ராட்சதர். கூடைக்குப் பக்கத்தில் அவருக்குப் பந்து கிடைத்தால் முடிந்தது கதை. லேக்கர்ஸ் சொந்த ஊரில் தோற்பதே அபூர்வம். பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மர்ரி மெண்டன்ஹால் யோசித்தார்: பந்து அவர்களிடம் இருந்தால்தானே போடுவார்கள்? பந்தை வைத்துக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார். இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்று அப்போது விதி கிடையாது. வீரர்கள் நடுக்கோட்டுப் பக்கம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுத்து வந்த ஏழாயிரம் பேர் கத்தினார்கள், காலால் தரையை உதைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கட்டத்துக்கு வாருங்கள். லேக்கர்ஸின் நான்கு கூடையும் மைக்கன் போட்டவை. 18இல் 15 புள்ளி அவருடையது, 83.3 சதவீதம். ஒரு தனி வீரர் தன் அணியின் புள்ளியில் எடுத்த பங்கில் இன்றும் இதுதான் சாதனை. பிஸ்டன்ஸ் பக்கம் அதிகபட்சம் ஜான் ஓல்டம் எடுத்த 5. மைக்கனின் 15ஐ மட்டும் தனியாகப் பார்த்திருந்தால், “அவருக்கு அன்று சரியாக ஆட்டம் இல்லை” என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

லீக் தலைவர் மாரிஸ் போடோலோஃபுக்கு இந்த ஆட்டம் தலைவலி ஆனது. ஆனால் மருந்து வர நான்கு வருடம் ஆயிற்று. சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் பாக்ஸ் ஸ்கோர்களை வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார். ரசிக்கும்படி நடந்த ஆட்டங்களில் ஓர் அணி சுமார் 60 ஷாட் எறிகிறது, இரண்டு அணிக்கு 120. 48 நிமிடம் என்றால் 2,880 விநாடி. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. இன்றும் கூடைக்கு மேலே ஓடும் அந்த 24 விநாடிக் கடிகாரம் இப்படிப் பிறந்தது, 1954–55 சீசனில். முந்தைய சீசனில் 79.5ஆக இருந்த அணிச் சராசரி 93.1 ஆயிற்று. ஆகவே 1954க்கு முன், 1954க்குப் பின் என்று உங்கள் சீட்டில் ஒரு தடித்த கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டின் இரு பக்கத்து எண்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஃபவுல் பத்தியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எத்தனை ஃபவுலில் வீரர் வெளியேற வேண்டும் என்பது லீக்குக்கு லீக், காலத்துக்குக் காலம் மாறும். இன்றைய என்.பி.ஏ.யில் 6, சர்வதேச ஆட்டத்தில் 5. எதிரணியின் ஃப்ரீ த்ரோ முயற்சியோடு சேர்த்து வாசித்தால் அந்தப் பத்திக்கு அர்த்தம் வரும். லேக்கர்ஸுக்குக் கிடைத்த 17 எறிதல்கள் பிஸ்டன்ஸ் செய்த ஃபவுல்களின் விலை.

கைப்பழக்கத்துக்கு ஒன்று

இப்போது நீங்களே ஒன்று செய்து பாருங்கள். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரம். ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் 63 முயன்று 36 கூடை, 32 முயன்று 28 ஃப்ரீ த்ரோ. பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். ஆட்டத்தின் படச்சுருள் கிடையாது, கடைசி குவார்ட்டரின் வானொலி ஒலிப்பதிவு மட்டும் இருக்கிறது. ஆக இந்த ஆட்டத்துக்கும் பாக்ஸ் ஸ்கோர்தான் முக்கியச் சாட்சி.

36 × 2 + 28 எவ்வளவு என்று பாருங்கள். அடுத்து அவருடைய குவார்ட்டர் கணக்கைக் கூட்டுங்கள்: 23, 18, 28, 31. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். அப்புறம் அணிகளின் குவார்ட்டர் வரி. வாரியர்ஸ் 42, 37, 46, 44. நிக்ஸ் 26, 42, 38, 41. 169, 147 வருகிறதா பாருங்கள். அவர் எடுத்த ரீபவுண்ட் 25, அசிஸ்ட் 2. பிளாக் எத்தனை? தேதியைப் பார்த்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

முடித்துவிட்டுத் தாளை மடிக்காதீர்கள். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, யாரும் பார்க்காத நிக்ஸ் கட்டத்துக்கு வாருங்கள். ரிச்சி கெரின் 39, கிளீவ்லாண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. மூன்றையும் கூட்டினால் 103. வேறு எந்த இரவாக இருந்தாலும் மறுநாள் தலைப்புச் செய்தி இவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.